மீதி நாலு படம்

"குடுடா அந்தக் கேமராவ..."

"குடுக்க மாட்டேன்க்கா, அத்தா வெச்சுட்டுப் போனது, எனக்கும் அதுல..."

"அம்மா உசிரோட இருந்தவரைக்கும் படம் புடிக்க வுடல. செத்தப்புறம் புடிச்சுப் பாக்கணுமா ஒனக்கு?"

"நீ எட்டு வருசம் அவங்கள பாத்த. நான் ஒரு நாள் பாத்தனா?"

ரோஷன் பீக்குக் கோபம் அடங்கவில்லை.

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஓசூரில் இது நடந்தது. 1986, மார்கழி. அதற்குப் பத்தொன்பது வருடம் முன்பு, தம்பி சாந்த் பாஷாவைப் பெற்ற அன்றே தாய் இறந்துபோனாள். யாராவது கேமராவைத் தூக்கினால் வெள்ளைத் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்கிறவள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. தகப்பனும் போன பிறகு, டிரங்குப் பெட்டியில் அவருடைய பெட்டிக் கேமரா கிடைத்தது. உள்ளே அதே காலத்துப் பழைய பிலிம். எட்டுப் படம் எடுத்தாகிவிட்டது. நாலு மீதி.

அந்த எட்டில் அம்மா இருப்பாள் என்று தம்பிக்குப் பிடிவாதம். உடனே கழுவக் கொடுக்கவும் மனமில்லை. நாலு படம் வீணாகிவிடுமாம்.

"நாலுக்கும் நீ நில்லு. கழுவினதும் மொதல்ல நீ பாரு. எனக்குக் காட்டறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்க."

அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

கெலமங்கலம் ரோடு. காலை ஏழு மணி. கம்பெனிச் சங்கு ஊதி ஓய்ந்தது. பத்தடிக்கு அப்பால் வெறும் பனி.

"சிரிக்கா."

"சீக்கிரம் புடிச்சுத் தொல."

க்ளிக்.

பிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி கண்ணில் வைத்தான். முகம் சுளித்தான்.

"பக்கத்துல இருக்கறவங்கள நகரச் சொல்லுக்கா."

"யாருடா?"

நிமிர்ந்து பார்த்தான். யாருமில்லை.

"பனி போல..."

"பயமுறுத்தறியா? அம்மா வெவகாரத்துல வெளாட்டா?"

க்ளிக்.

நடந்தார்கள். ரோஷன் பீயின் இடது தோள் ஐஸாகக் குளிர்ந்தது. இடது தோள் மட்டும். செருப்புச் சத்தம் இரண்டு பேருக்கு மேல் கேட்டது. நின்றாள். தம்பியும் நின்றான்.

சத்தம் இரண்டடி தள்ளிப் போய் நின்றது.

தம்பி ரோட்டுக்கு மறுபக்கம் போய் எடுத்தான். க்ளிக்.

"போலாம்டா."

"இன்னும் ஒண்ணு."

"போலாம்னு சொல்றேன்ல."

"நான் பொறந்துதான் அவங்க செத்தாங்க. இத்தன வருசமா அதத்தான மனசுல வெச்சிருக்க? வாயத் தொறந்து சொல்லிடு."

கேமராவைப் பிடுங்கினாள். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா. ஒன் மூஞ்சிய நீயே பாத்துக்க."

க்ளிக்.

நாலு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூடியோவில் கிருஷ்ணப்பன் கவரை நீட்டினார்.

"மொத எட்டும் போச்சு பாஷா. பழைய பிலிம், ஒண்ணுமே வுழல. கடேசி நாலும் புதுசாட்டம் வந்திருக்குது. எப்புடின்னு எனக்கே தெரியல."

கவரை ரோஷன் பீ வாங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் படம். அவள். இடப்பக்கம் வெள்ளைத் துப்பட்டியில் ஒருத்தி. முதுகு மட்டும்.

இரண்டாவது. முதுகு.

மூன்றாவது... ரோட்டுக்கு மறுபக்கம் போய் எடுத்தது.

அதிலும் முதுகு.

நாலாவதில் தம்பி. அவன் பிடரியில் ஒரு கை.

தோளுக்கு மேலே...

துப்பட்டி இல்லை.

அம்மாவின் முழு முகம்.

நாலையும் சேர்த்துக் கசக்கினாள். பிலிமையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"இருக்காங்களா?"

அவள் நடந்தாள்.

"சரி... காட்ட வேணாம். பேச்சு பேச்சுதான்."

பஸ் ஒன்று இரைச்சலோடு கடந்து போனது. அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா... என் மேல கோவமா இருந்தாங்களா?"