அம்மா வைத்த செக் பரீட்சை

செக்கோஸ்லோவாக்கியாவில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது! கடிதத்தோடு செக் மொழி இலக்கணப் புத்தகம் ஒன்றும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா, அதுதான் என் அப்பா, உடனே ஓம் என்று சம்மதித்தார். அம்மாதான் மறித்தார்.

"அங்கை பசிச்சால், தலையிடிச்சால் ஆரிட்டை என்னெண்டு கேப்பாய்? நான் சொல்லுற பத்து வசனத்தையும் அவையின்ரை பாஷையிலை தடக்காமல் சொல்லு. பிறகு விடுறன்."

இவ்வளவுதானா என்று துள்ளினேன். எங்கள் ஊரான கோப்பாயில் வெங்காயத் தோட்டமே வகுப்பானது. அட்டைத் துண்டுகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதி வரம்பில் பரப்பினேன். தமிழில் வினை கடைசியில் வந்து ஆறுதலாகக் குந்தும். செக்கிலோ பெரும்பாலும் நடுவிலேயே முண்டியடித்து நிற்கும். மாற்றி மாற்றி அடுக்கி, வசனம் சரிவந்ததும் தோட்டம் அதிரக் கத்துவேன். காற்றடித்து அட்டைகள் குலைந்தால் காற்றைத் திட்டுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

பரீட்சை நாள் வந்தது. அம்மா புல்லுப் பிடுங்கியபடியே கேட்டார். பசி, தலையிடி, தண்ணீர் என்று ஆறு வசனங்களை விளாசித் தள்ளினேன். ஏழாவது, "மழைக்கை நனைஞ்சு போனன், மாத்துடுப்புத் தாங்கோ." அது எனக்கு எங்கே தெரியும்! ஆனால் அம்மாவுக்கு மட்டும் செக் தெரியுமா என்ன? வாய்க்கு வந்ததை மளமளவென்று அளந்துவிட்டேன். அம்மா தலையாட்டினார். மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் முதலில் கேட்டதே அந்த மழையைத்தான். மறுபடியும் அளந்தேன்.

"நேற்று வேறை மாதிரியெல்லோ சொன்னனீ?"

ஐயோ! தேவாரங்களைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கிய காது அது. கையும் களவுமாகப் பிடிபட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னை ஏமாத்தலாம் பிள்ளை. அங்கத்தைக் குளிரை ஏமாத்தேலுமோ?"

அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும் சோறு தண்ணி மறந்து வசனம் கட்டினேன். இந்தமுறை ஒன்பதும் உண்மையாகவே வந்தன. பத்தாவதைக் கேட்க அம்மா கொஞ்சம் சுணங்கினார்.

"படிச்சு முடிச்ச உடனை திரும்பி வருவன் எண்டு சொல்லு."

ஒரே மூச்சில் சொன்னேன்.

"இன்னொருக்கா."

சொன்னேன்.

"ஆறுதலாச் சொல்லு, பிள்ளை."

அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மெல்ல மெல்லத் தொடங்கினேன். பாதி வசனத்தில் தடக்கி நின்றுவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு!

அம்மா மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"காணும், இவ்வளவும் போதும். பாஸ்போட்டுக்கு எழுதச் சொல்லி ஐயாவிட்டைச் சொல்லு."