விருந்தினர் கழிப்பறை

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் உள்ள எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ரெமெடியோஸ் டீச்சர், பிள்ளைகளுக்கு ஒருநாளும் வசனம் எழுதிக் கொடுத்ததில்லை. "நேத்து உங்களுக்கு எதுக்குக் கோவம் வந்துச்சு?" என்று கேட்பார். வருகிற பதிலை அவர்களே நாடகமாக்குவார்கள்.

இந்த முறை எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பள்ளியில் தண்ணீர் வருகிற ஒரே கழிப்பறை, விருந்தினருக்கென்று பூட்டிக் கிடக்கிறது. சாவி தலைமையாசிரியர் கழுத்தில் தொங்குகிறது. பிள்ளைகள் புதர் மறைவைத் தேடி ஓடுகிறார்கள். இதைவிட அநியாயம் உண்டா? பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் எனக்கே வயிறு எரிகிறது.

ஒத்திகையைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் பாய்ந்தார். "மேலதிகாரி வர்ற விழாவுல என் மானத்த வாங்கவா? மேடையில ஒரு வார்த்த பேசக் கூடாது!"

"சரி சார், பேச மாட்டாங்க" என்றார் டீச்சர்.

விழாவன்று மேடையில் அட்டையால் செய்த ஒரு கதவு. அதன் முன்னால் பிள்ளைகள் காலைப் பின்னிக்கொண்டு, நெளிந்து, குதித்தபடி வரிசையில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாயில் பிபிங்கா பலகாரத்தோடு மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரமாதம்! இது என்ன டான்ஸ், பாப்பா?"

வரிசையின் முதலில் நின்ற லியெஸல் சொன்னாள்: "டான்ஸ் இல்ல சார், அவசரம். சாவி உங்க பக்கத்துல இருக்கறவரு கழுத்துல இருக்கு."