தூசுக்கு வெல்லம்

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்த நாள் உண்டு, வெல்லம் தீர்ந்த நாள் கிடையாது. கல்வராயன் மலைக்குக் கீழே குவாரிக்கு ஆள் போகிற வீடெல்லாம் அப்படித்தான். வேலை முடிந்து வந்து வாய் கொப்பளித்ததும் நெல்லிக்காய் அளவு வெல்லம் கொடுப்போம். தொண்டையில் ஒட்டிய தூசை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. கரும்பு விளைகிற சீமை, வெல்லத்துக்கா பஞ்சம்?

இந்தப் பழக்கம் என் மாமனார் காலத்தது. அப்போது பாறையின் மேல் விறகை அடுக்கி நாள் முழுக்க நெருப்பு மூட்டுவார்கள். சூட்டில் மேல்பாறை அடை போல உப்பிப் பிரியும். அதை உளியும் சம்மட்டியும் வைத்துப் பிளப்பார்கள். அதில் பறந்தது பொடிக்கல். வாயில் நறநறவென்று தெரியும், துப்பினால் போய்விடும். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. சில்லு தெறித்து மாமனாருக்கு ஒரு கண் போனது. ஆனால் சாகும்வரை மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

என் புருஷன் கைக்கு கம்ப்ரசர் வந்தது. காற்றில் ஓடும் துளைக்கருவியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துப் பாறையில் துளை போடுவார். அதில் வெடிமருந்தை இறுக அடைத்து வெடி வைப்பார்கள். மாமனார் மாதக்கணக்கில் பிளந்ததை ஒரே வெடி பிளந்தது. துளையிலிருந்து வந்த தூசு கோதுமை மாவைவிட நைசு. சாயங்காலம் புருவம், இமை எல்லாம் வெளுத்து, கிழவன் வேஷம் போட்டவர் மாதிரி வந்து நிற்பார். நான் சிரித்துக்கொண்டே வெல்லம் எடுத்துக் கொடுப்பேன். வேலை மாறியது, தூசும் மாறியது. வெல்லத்தை மட்டும் நாங்கள் விடவில்லை.

இருமல் வந்தது. சளி என்று காலம் கடத்தினோம், டிபி மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அவரை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டு நானும் மகனும் உள்ளே போனோம்.

"நெஞ்சு இறுகிப்போச்சும்மா. உள்ள போன தூசு இனிமே வெளிய வராது" என்றார் டாக்டர்.

"ஒரு நாள் தவறாம வெல்லம் துன்னுகினுதான் இருந்தாருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "வெல்லம் வயித்துக்குப் போகும். தூசு மூச்சுல போகுது. அது வேற வழிம்மா."

இவ்வளவுதானா? இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஒருவரும் வரவில்லையே.

இப்போது குவாரியில் வைரம் பதித்த கம்பியை ஓடவிட்டுப் பாறையைப் பாளம் பாளமாக அறுக்கிறார்கள். கம்பி சூடாகக் கூடாதாம், அறுத்து முடிக்கும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தூசே எழுவதில்லை. நானே போய் நின்று பார்த்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு குடம் என் புருஷன் போட்ட துளையில் ஊற்ற அன்றைக்கு எவனுக்கும் தோன்றவில்லை. கம்பி அறுந்தால் நஷ்டம், ஆள் போனால் வேறு ஆள்.

அறுத்தது போக மிஞ்சும் கல், ஜல்லியாக நொறுக்கும் கிரஷருக்குப் போகிறது. அங்கே தண்ணீர் ஊற்றுவதில்லை. அங்கேதான் என் மகன் வேலை பார்க்கிறான். வேண்டாம் என்று அழுதேன்.

"வேற இன்னா வேல கீதும்மா இங்க? கரும்பு வெட்டு சீசனுக்குத்தான். அப்பாவுக்கு மாத்திரை யாரு வாங்குவாங்க?" என்றான்.

இவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். டாக்டர் சொன்னதை நாங்கள் இவரிடம் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் மகன் வாசலில் வந்து நின்றான். புருவம், இமை எல்லாம் வெளுத்திருந்தது. இவர் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள... தூசுல நின்னுகினு வந்துகிறான்." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கினார். "வெல்லம் குடு."

மகன் என்னைப் பார்த்தான். நான் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு எடுத்து நீட்டினேன். அவன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அப்பா பார்க்கும்படி மென்று தின்றான்.

"இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டு இவர் இருமத் தொடங்கினார்.