வாசலில் நாங்கள் நிறுத்திய வனஜா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, நான் பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் பிரபு அழைத்தான். வனஜா அக்காவின் ஒரே மகன். "சித்தி, அம்மா போயிட்டாங்க. காபி எடுத்துக்கினு போய் எழுப்பினேன், கை ஜில்லுனு கீது," என்றான். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் துக்கத்தைவிட வெட்கமே அதிகம் இருந்தது. அந்த வெட்கத்தில் உங்களில் பலருக்கும் பங்கு உண்டு என்பதால், பதினாறாம் நாள் எல்லோரும் கூடும்போது படிக்கலாமென்று இதை எழுதுகிறேன்.

அக்காவை நான் முதலில் பார்த்தது என் வீட்டு வாசலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நசரத்பேட்டையிலிருந்து தம்பி சேகர் வந்திருந்தான். அப்பா உள்ளே கூடத்தில் நாற்காலியில் இருந்தார். அழைப்பு மணி அடித்தது. காட்டன் புடவை, தோளில் பை, வியர்த்த முகம். "அம்பத்தூர்லருந்து வரேங்க. என் பேரு வனஜா. டெலிபோன் ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆயிட்டேன்," என்று ஆரம்பித்தார். இணையத்தில் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசப் பாடம் ஒன்றைப் படித்து, தன் குடும்பத்தின் பழைய கதையைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தன் தாத்தா ஏகாம்பரம் நசரத்பேட்டைப் பக்கத்துக்காரர், பர்மாவில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர், அங்கே அவருக்கு மனைவியும் மகனும் இருந்தார்கள், அந்த மகன் கோவிந்தன்தான் தன் அப்பா என்றார்.

எங்கள் தாத்தா பெயரும் ஏகாம்பரம். அவரும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்.

"இன்னா வேணும் உங்களுக்கு?" என்று சேகர் என்னைத் தாண்டி முன்னால் வந்தான்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. ஒரே ஒரு சந்தேகம். உங்க தாத்தாவுக்கு இடது கையில சுண்டுவிரல் இருந்துச்சா?"

இல்லை. மில் இயந்திரத்தின் பட்டையில் சிக்கிப் போன விரல் அது. அந்தக் கையால் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் தாத்தா எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்.

"அதெல்லாம் இருந்துது. நீங்க வேற ஊட்டுக்கு வந்துட்டீங்க," என்றான் சேகர். நசரத்பேட்டையில் தாத்தா விட்டுப்போன நெடுஞ்சாலை ஓரத்து நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். பங்கு கேட்க ஆள் வந்துவிட்டது என்றே அவன் நினைத்தான். நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாராயிருந்தாலும் அனுப்பிட்டு வா. எனக்குக் கூடப் பொறந்தவன் எவனும் இல்ல."

அண்ணன் தம்பி என்று அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"சரிங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு மாலை அப்பா திடீரென்று, "அந்தப் பொண்ணு மறுபடியும் வந்துச்சா?" என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். தாத்தா சாகும் தறுவாயில் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஜப்பான் போர் பர்மாவுக்கு வந்தபோது மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள், குழந்தையால் நடக்க முடியாது, போய்ச் சேர்ந்ததும் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவர். இங்கே வந்ததும் மாமன் மகளைக் கட்டிவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பர்மாவைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு அண்ணன் கீறான்னு தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்," என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் முகவரி எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது அவர் வாசலில் நின்று சொன்னது மட்டும்தான். நானும் அந்த இலவசப் பாடத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். தேவாலயப் பதிவேட்டைப் பாருங்கள், குடும்பப் பெயரை வைத்துத் தேடுங்கள் என்றே பாதி வீடியோ ஓடியது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான் உண்டு. அப்போதுதான் அவர் எங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று உறைத்தது. வாக்காளர் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண். நானும் அம்பத்தூர்ப் பட்டியலைத் திறந்தேன். எழுத்தைத் தட்டினால் தேடித் தராது, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். விடைத்தாள் திருத்துவதுபோல் வாரக்கணக்கில் பார்த்தேன். கடைசியில் ஒரு கோவிந்தன் கிடைத்தார். தந்தை பெயர் ஏகாம்பரம். வயது என் அப்பாவைவிட நான்கைந்து கூட.

சேகரிடம் சொல்லாமல் போனேன். கதவைத் திறந்தவர் வனஜா அக்காதான். என்னைப் பார்த்ததும், "உள்ள வா," என்றார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று. படத்தில் என் அப்பாவின் மூக்கு, என் அப்பாவின் காது.

"எப்போ?" என்றேன்.

"தை மாசம்."

"நாங்க அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு அப்பாவும் வந்திருந்தாரு. தெருமுனையில ஆட்டோல உக்காந்திருந்தாரு. கதவு தொறந்தா அப்புறமா கூட்டிகினு வரலாம்னு நான்தான் உக்கார வச்சேன்."

"போய் அவர்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"வேற ஊடுப்பா, நம்ம ஆளுங்க இல்லன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

எங்கள் வீடுதான் என்று அவருக்கு எப்படி உறுதியாயிற்று என்று கேட்டேன். "வெரலப் பத்திக் கேட்டேன் இல்ல? அப்போ நீ குனிஞ்சு உன் கையைப் பாத்த," என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதனாலேயே என்னால் அங்கே தலை நிமிர முடியவில்லை. பெரியப்பா எங்கள் தெருமுனையில் வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

அடுத்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "எங்க அண்ணன் எப்படிப் பேசுவான்?" என்று கேட்டார். அக்கா போனை எடுத்தார். உயிரோடு இருக்கும் பெரியவர்களின் குரலை முதலில் பதிவு செய்யுங்கள் என்பது அந்தப் பாடத்தின் தொடக்கத்திலேயே வருவது. எங்களைத் தேடத் தொடங்குமுன்பே அக்கா அதை அப்படியே செய்திருந்தார். அடிக்கடி சொல்வார்: "காகிதம் எங்கியும் போவாது. ஆளுதான் போயிடும். மொதல்ல ஆளப் பாரு."

பெரியப்பாவின் குரல் கரகரப்பாக வந்தது. ரங்கூன் வீதிகளைப் பற்றி, கப்பலில் அம்மாவோடு மெட்ராஸ் வந்து இறங்கியதைப் பற்றிப் பேசினார். பிறகு, "எங்கப்பா நடந்து வந்த வழியிலயே செத்துட்டாருன்னு அம்மா சொல்லும். பாவம், உசுரோட இருந்தா எங்களக் கூட்டிக்க வந்திருப்பாரு. அவரு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல," என்றார்.

அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "வழியில சாவலம்மா. இங்கதான் இருந்தாரு. தேர் பாக்க என்னத் தோள்ல தூக்கினு போவாரு. அவன் பங்கு அப்பாவையும் சேத்து நானே எடுத்துக்கினேன்," என்றார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் அண்ணன் மகள் முன்னால் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சித்தப்பா, நீங்க அப்போ கொழந்த," என்றார். அதற்குப் பிறகு அப்பா இருந்தவரை, வாரம் தவறாமல் அந்தக் குரலைக் கேட்க அக்காவை வரச் சொன்னார்.

தாத்தாமேல் கோபம் வரவில்லையா என்று நான் ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களில், அந்தக் காட்டு வழியில் நடந்து வந்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதையெல்லாம் அவர் தேடித் தேடிப் படித்திருந்தார். "கோவம் போவல. ஆனா படிச்சதுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வந்துது," என்றார்.

நம் குடும்பத்தின் வம்சாவளிப் படத்தை அவர் வரைந்து எல்லோருக்கும் அனுப்பியபோது, "ரெண்டு பொண்டாட்டின்னு ஊருக்கே காட்டணுமா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அக்கா பதிலுக்குச் சண்டை போடவில்லை. "உட்டுட்டு வந்தவரை எழுதினா, அவரு உட்டுட்டு வந்த பொம்பளையையும் எழுதணும்," என்று ஒரே வரி அனுப்பினார். பர்மாப் பாட்டி முனியம்மாளின் பெயர் நம் பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அப்படித்தான் வந்தது. அந்தக் கேள்வி வந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை.

சேகர் கடைசிவரை அக்காவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்டதில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், தட்டைப் பார்த்தபடியே பேசுவான், போய்விடுவான். அக்கா அவனுக்கு மட்டும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். காரியம் நடத்த வந்த பெரியவர், "பொறந்த ஊட்டுக் கோடி யாரு போடறது?" என்று கேட்டார். அக்கா கூடப்பிறந்தவர்கள் இல்லாதவர். அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபு தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் இரண்டாவது முறை கேட்டார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சேகர் வந்தான். கையில் துணிக்கடைப் பை. வரும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி வாங்கியிருக்கிறான், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க இன்னா மொறை?" என்றார் பெரியவர்.

"தம்பி," என்றான் சேகர்.

அரக்கு நிறப் புடவை. அதைப் பிரித்து அக்காவின்மேல் கழுத்துவரை போர்த்திவிட்டு, காலடியில் உட்கார்ந்தான். எடுக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அவன் போட்ட கோடி நல்ல கோடி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது நம் வீட்டிலிருந்து அவருக்கு ஒரு புடவை போனதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அக்காவின் போனைப் பிரபு வைத்திருக்கிறான், பெரியப்பாவின் குரல் அதில் பத்திரமாக இருக்கிறது. வம்சாவளிப் படம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு சொல். எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். ஐம்பது வயதுவரை எல்லோரும் என்னைத்தான் அக்கா என்று கூப்பிட்டார்கள், நான் அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு, பெரும்பாலும் மாலையில், அம்பத்தூருக்கு ஒரு அழைப்பு போட்டு "அக்கா" என்பேன். "சொல்லுடி," என்பார். தகுதியில்லாமல் கிடைத்த சொல் அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.