அப்பாவின் கால் சுளுக்கிய கோடை

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவின் வாகனத்தை யாரும் முந்துவதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கலியாணவீடோ செத்தவீடோ, அவருடைய கார் முன்னே போகும், மற்றவை வால் பிடித்துப் போகும். அவர்தான் முதலில் கனடாவுக்கு வந்தவர். தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தவர். ஸ்காபரோவில் குடும்பத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் கார் ஓட்டப் பழக்கியவரும் அவரே. ஆகவே அவர் எண்பதில் போனால் குடும்பமே எண்பதில் போகும்.

அம்மாவுக்கும் அவர் பழக்கிப் பார்த்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, பூட்டிக்கிடந்த கடைத்தொகுதியின் பார்க்கிங்கில் அரை மணித்தியாலம். பிறகு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னார்.

"உவவுக்கு ஹைவே சரிவராது."

அம்மா பக்கத்திலேதான் நின்றார். யாரோ மூன்றாம் மனிசியைப் பற்றிய கதைபோலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவிடம் இருந்தது இடைக்கால லைசென்ஸ். ஹைவேயில் ஓட்டிக் காட்டினால்தான் முழு லைசென்ஸ் தருவார்கள். இரண்டு தடவை சோதனைக்குப் போய், இரண்டு தடவையும் ஹைவேயில் ஏறுகிற வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு அழுதுகொண்டு வந்தார். நவம்பருக்குள் பாஸ் பண்ணாவிட்டால் இருக்கிறதும் காலாவதியாகி, எழுத்துச் சோதனையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ரூஜில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் விடிந்துவிடும். காரில் இருபத்தைந்து நிமிடம், அதுவும் முழுக்க ஹைவே. லைசென்ஸ் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

அப்பாவும் பழக்காமல் இல்லை. அவருக்கு ஒரு வியாதி இருந்தது. பக்கத்து ஆசனத்தில் இருந்தபடியே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். மிதிக்கும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்று பல்லுக்குள்ளால் காற்றை இழுப்பார். நாலு "ஸ்ஸ்" கேட்டவுடன் அம்மா காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடுவார். அன்று இரவுச் சாப்பாடு கடையில் வாங்கிய பாணும் பருப்பும்தான்.

அந்த ஆகஸ்டில் பெரியப்பா வடக்கே போவோம் என்று அறிவித்தார். நயாகராவைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துவிட்டதாம். ஹேர்ஸ்ட் என்ற ஊருக்கும் அப்பால், ஒரு ஏரிக்கரையில் மரவீடு எடுத்திருந்தார். பயணத்துக்கு இரண்டு வான்கள். முன் வானில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள். பின் வான் அப்பா வாடகைக்கு எடுத்தது. அதில் அப்பா, அம்மா, தம்பி, நான், அப்பாவின் அக்காவான மாமி. கூடவே ஐம்பது மட்டன் ரோல்ஸ், பெரிய ஐஸ் பெட்டி, ஒரு சோற்றுப் பானை, இடிசம்பல் மூன்று போத்தல். வடக்கே கரடி இருக்கலாம், சம்பல் இருக்காது என்பது மாமியின் கட்சி.

மாமிக்குத் தூரத்தை அளக்கக் கிலோமீட்டர் தேவையில்லை. வான் வெளிக்கிட்டதும் செபமாலையைக் கையில் எடுப்பார். பெரியப்பாவின் வேகத்தில் ஒரு செபமாலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். பரி நகரம் நாலு செபமாலை, சட்பரி பதினாறு. அவருடைய செபத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

சட்பரியைத் தாண்டினால் மரமும் கல்லும் தண்ணீரும்தான். வீடில்லை, விளக்கில்லை, ஆளில்லை. எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு காட்டின் நடுவே ஒரேயொரு பெற்றோல் நிலையம் வந்தது. அங்கேதான் அப்பா விழுந்தார். பின்பக்கத்தில் இருந்த பாறையில் ஏறிப் படம் எடுக்கப் போனவர், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கெந்திக் கெந்தி வந்தார். வலது கால் சுளுக்கிவிட்டது, மிதிக்கவே ஏலாது என்றார். மாமி மாதாவைக் கூப்பிட்டார். பெரியம்மா நோவெண்ணெய்ப் போத்தலுடன் ஓடி வந்தார்.

பெரியப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தன்னுடைய மகன் எங்கள் வானை ஓட்டட்டும் என்றார். அண்ணாவுக்கு இருபது வயது, லைசென்ஸ் இருந்தது, சந்தோசமாக வான் திறப்புக்குக் கையையும் நீட்டிவிட்டார். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே பொக்கற்றிலிருந்து வாடகைக் கடதாசியை எடுத்தார். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லை என்று அதில் போட்டிருந்தது. ஓட்டக்கூடியவர்கள் என்று இரண்டு பெயர்தான். ஒன்று அப்பாவுடையது, மற்றது அம்மாவுடையது. பெரியப்பா கடவுளுக்கு அடுத்தபடி பயப்படுவது இன்சூரன்ஸுக்கு. கடதாசியை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப என்ன செய்யிறது?" என்றார்.

"அவவே ஓடட்டும், அண்ணை," என்றார் அப்பா. "றோட்டிலை ஒரு குருவியும் இல்லைத்தானே."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் திறப்பை வாங்கினார். அப்பா பக்கத்து ஆசனத்தில் ஏறி, சுளுக்கிய காலைத் தூக்கி மடித்த போர்வையின்மேல் வைத்துக் கண்ணை மூடிவிட்டார். பிரேக் மிதிக்க அவருக்குக் கால் இல்லை. "ஸ்ஸ்" என்ற சத்தமும் வரவில்லை. அம்மா கண்ணாடியைப் பார், சிக்னல் போடு, தோளுக்கு மேலால் திரும்பிப் பார் என்று தனக்குத்தானே மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். முதல் ஒரு செபமாலைத் தூரம் நான் ஆசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவதில் நித்திரையாகிவிட்டேன்.

இரவு வழியில் ஒரு மோட்டலில் தங்கினோம், அடுத்த நாளும் அம்மாதான் ஓட்டினார். மதியம்போல ஒரு கார் நிறுத்தும் இடத்தில் எனக்கு அவசரமாக மூத்திரம் வந்தது. அப்பா ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, நொண்டி நொண்டி என்னை மரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான் இருந்து எழும்பவும் நுளம்புப் படை வந்து சேர்ந்தது. வடக்கத்தி நுளம்பை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. காது, கண், மூக்கு என்று பார்க்காமல் குத்தி ரத்தம் உறிஞ்சும். அப்பா தடியை எறிந்தார், என்னைத் தூக்கித் தோளில் போட்டார், விழுந்துகிடந்த மரம் ஒன்றைத் தாண்டிப் பாய்ந்து ஓடினார். இரண்டு கால்களாலும் ஓடினார். காட்டின் விளிம்பு வந்ததும் சட்டென்று நின்று, என்னை இறக்கிவிட்டு, வேறொரு தடி தேடி எடுத்துக்கொண்டு நொண்டத் தொடங்கினார்.

நான் அவரையே பார்த்தேன்.

"உது உனக்கும் எனக்கும் மட்டும்," என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த மே மாதம்தான் தேவாலயத்தில் வகுப்புக்குப் போய் முதல்நன்மை எடுத்திருந்தேன். பத்துக் கட்டளையும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. என்னுடைய அப்பா ஒரு பொய்யர், அதிலும் சோம்பேறிப் பொய்யர். அம்மாவை வேலை வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கிறார். பாவம் அம்மா, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

அன்று பின்னேரம்தான் அது நடந்தது. பெரியப்பாவின் வானுக்கு முன்னால் கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு கூடார வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா அதன் பின்னால் அறுபதில் போனார், நாங்கள் அவருக்குப் பின்னால் அறுபதில் போனோம். ஒரு ஏற்றத்தில் பாதை அகன்று, முந்துவதற்கென்று இன்னொரு லேன் திறந்தது. பெரியப்பா அசையவில்லை. அம்மா கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் எடுத்து மிதித்தார்.

மாமியின் செபம் "அருள் நிறைந்த" என்ற இடத்தில் நின்றுபோயிற்று. நாங்கள் பெரியப்பாவுக்குச் சரிநேராக வந்தோம். அவர் நேரே பார்த்தபடி இருந்தார், தாடை மட்டும் இறுகியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா எங்களைக் கண்டார். அந்தப் பெரியம்மா, பெரியப்பா சிரித்த பிறகுதான் சிரிக்கிறவர், வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார். தம்பியும் நானும் ஆட்டினோம். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கூடார வண்டியையும் தாண்டி வலப்பக்கம் எடுத்த பிறகு எங்களுக்கு முன்னால் வெறும் றோட்டு, அதன் இரண்டு கரையிலும் காடு, மேலே ஆகாயம்.

"பிள்ளை, என்ன வேலை பாத்தனீ?" என்றார் மாமி.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள், மூளை கட்டளை குடுக்கமுதல் கால் மிதிச்சுப்போட்டுது," என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் கண்ணைத் திறக்காமல் நித்திரைபோலக் கிடந்தார், கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் பெரியப்பா மூன்று ரோல்ஸ் சாப்பிட்டு முடியும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு, அந்த இடத்தில் தொண்ணூறுக்கு மேலே போகக்கூடாது என்று பொதுவாகக் காற்றுக்குச் சொன்னார். அதோடு விசாரணை முடிந்தது. மூன்று நாள் நீந்தினோம், மீன் பிடித்தோம், பெரியம்மாவும் அம்மாவும் காட்டுப் புளூபெரியைச் சீனி போட்டுக் கிண்டி ஜாம் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு சந்தோசமாக எங்கள் குடும்பம் பிறகு எங்கேயும் போனதாக ஞாபகமில்லை.

எனக்குத்தான் நெஞ்சுக்குள் பொய் அறுத்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் பின்னேரம் அம்மா வாசற்படியில் இருந்து, எல்லோருக்கும் முன்னால், அப்பாவின் காலை மடியில் வைத்து நோவெண்ணெய் தேய்த்தார். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார். துணியை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார். பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் கை கழுவப் போன இடத்துக்குப் பின்னாலேயே போய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நுளம்பு, தடி, விழுந்த மரம், இரண்டு கால்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்," என்றார். "வீக்கமில்லாத காலை நான் எத்தனை தரம் கட்டிப்போட்டன். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை. ரொறன்ரோ போய்ச் சேருமட்டும் அந்தக் கால் சுகப்படாமல் இருக்கட்டும்."

இப்போது வீட்டில் இரண்டு பொய்யர்கள். யாரிடம் போய் முறையிடுவது? மாமியிடம் சொல்லலாம், ஆனால் மாமி வழி முழுக்க அதற்கும் சேர்த்துச் செபிப்பார், பதில் சொல்ல வேண்டியவள் நான். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இரண்டு லேன் நாலாயிற்று, பிறகு எத்தனை என்று எண்ண முடியவில்லை. நானூற்றொன்று என்ற பெரிய ஹைவேயில் ஏறுகிற வளைவில் அம்மா நிறுத்தவில்லை. லொறிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி பார்த்து நுழைந்தார். பெரியப்பாவின் வான் பின்னால் எங்கோ தவறிப்போயிற்று. அக்டோபரில் சோதனை பாஸ் பண்ணினார். அந்தக் குளிர்காலமே விட்பிக்குப் போய்வரத் தொடங்கினார், பதினாறு வருடம் போய்வந்தார்.

வடக்கேயிருந்து திரும்பிய அன்று வீட்டு வாசலில் வான் நின்றதும், பின்னால் பெரியப்பாவும் வந்து இறங்கினார். சாமான் இறக்கும் அவசரத்தில் அப்பா, தம்பியே ஏறி இருக்கக்கூடிய அந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். சரி, கள்ளன் பிடிபட்டான் என்று மனதுக்குள் கைதட்டினேன்.

"இஞ்சருங்கோ, கால்," என்றார் அம்மா.

அப்பா மூன்றாம் படியில் நின்றார். பிறகு மெல்ல, மிகவும் கவனமாக நொண்டத் தொடங்கினார். அம்மா ஓடிப்போய்ப் பெட்டியின் மற்றக் கைபிடியைப் பிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள். வெட்கம் கெட்ட சனம் என்று நினைத்தேன் நான்.