ஏற்கனவே உள்ளே இருக்கிறவள்

என் சித்திக்கு வாய் மூடாது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், உடம்பு வாகு. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குக் கை நீளம், சித்திக்குப் பேச்சு நீளம். தூக்கத்தில்கூட யாரையோ பிடித்து, "அதான் அப்பவே சொன்னேன்ல" என்று உலுக்கிக்கொண்டிருப்பாள். சித்தப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பார். அவரைக் கேட்டால் தாம்பத்தியம் என்பதே பஞ்சுதான் என்பார்.

ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாகத் துவைக்கிற சலவைக்கூடத்தில் சித்திக்கு மடிப்பு மேஜையில் வேலை. எனக்கும் படிப்புக்கும் ஒத்துவராமல் போனதால் அதே கூடத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறேன். பத்து வருஷத்துக்கு மேலாகியும் சித்தி தற்காலிக ஊழியர்தான். மூன்று மாதம் ஒரு நாள்கூட விடாமல் வந்தால் நிரந்தரம் என்று ஒரு விதி உண்டு. ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் கரை தெரிகிற நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இல்லை பஸ் ஓடாது, இல்லை மாமியார் தவறிப்போவார். "செத்தும் எனக்கு ஒரு நாள் கெடுத்தா மகராசி" என்று சித்தி அழுததில் எது துக்கம், எது எரிச்சல் என்று பிரிக்க முடியவில்லை.

இந்தத் தடவை எப்படியோ கடைசி வாரம்வரை வந்துவிட்டாள். நாடு முன்னேறியதும் சரியாக அந்த வாரம்தான்.

எங்கள் கண்காணிப்பாளருக்கு நான் வைத்த பெயர் சுற்றறிக்கை. மனுஷன் சாப்பிடக் கூப்பிட்டாலே, 'இதன்மூலம் தெரிவிக்கப்படுவது' என்கிற தொனியில்தான் கூப்பிடுவார். அவர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இனிமே வருகைப் பதிவுக்குப் பிளாஸ்டிக் அட்டை கிடையாது. அட்டைன்னா தொலைஞ்சு போகும். செல்போன்ல இருந்தா பத்திரம்."

"போன மாசம் உங்க செல்போன் தொலைஞ்சுதே சார், கிடைச்சுதா?" என்று அக்கறையாக விசாரித்தேன். அன்றைக்கு எனக்கு ரத்தக்கறை மூட்டைகள் கொஞ்சம் அதிகமாகவே வந்தன.

விஷயம் என்னவென்றால், எங்கள் கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. யாரோ சட்டைப்பையில் மறந்த போன் ஒன்று உலர்த்தும் இயந்திரத்துக்குள் போய் வெடித்த நாளிலிருந்து தடை. கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கருவி, உட்பக்கம் ஒரு கருவி. உள்ளே போகவும் வெளியே வரவும் போனை அதில் காட்ட வேண்டும். காட்டியதும் கருவியிலிருக்கும் கேமரா முகத்தைப் பார்க்கும். அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. போன் உள்ளே வரக் கூடாது, ஆனால் போன் இல்லாமல் வெளியே போக முடியாது. இதைக் கண்டுபிடித்தவருக்கு நிச்சயம் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

வாசல் காவலாளிக்குத்தான் மூளை இருந்தது. வேலை முடிகிற நேரத்தில் எல்லோருடைய போனையும் ஒரு தட்டில் வைத்து உட்பக்கக் கதவுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். சனிக்கிழமை சித்தியின் போனில் சார்ஜ் செத்துவிட்டது. காவலாளி, "அட போங்கக்கா, உங்களை எனக்குத் தெரியாதா?" என்று சரக்கு வாசல் வழியாக விட்டுவிட்டார். இயந்திரத்துக்கு நடுவில் ஒரு மனுஷன் நல்லது செய்தால் என்ன ஆகும் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

அந்தத் திங்கள்தான் மூன்று மாதத்தின் கடைசி நாள். சித்தி போனைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. 'இந்த நபர் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்.'

"யாரு உள்ள இருக்கா?"

"நீங்கதான்க்கா," என்றார் காவலாளி, குற்றவாளி முகத்தோடு. "சனிக்கிழமை வெளிய வந்தது பதிவாகலையே."

"அப்ப உள்ள இருக்கறவ வேலை செய்றாளா, இல்ல சும்மா உக்காந்திருக்காளா? போய்ப் பாரு தம்பி."

சுற்றறிக்கை வந்தார். "ஏம்மா, நீங்க முதல்ல வெளிய வரணும். அப்புறந்தான் உள்ள போக முடியும்."

"வெளியதானே சார் நிக்கறேன்!"

"சிஸ்டத்துல நீங்க உள்ள இருக்கீங்க. உள்பக்கக் கருவியில காட்டினாத்தான் வெளிய வந்ததா ஆகும்."

சித்தி கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் அழுக்கு மூட்டைகளை உள்ளே தள்ளுகிற ஜன்னல். அந்த ஜன்னலை ஒட்டித்தான் உட்பக்கக் கருவி.

"முகத்தைத்தானே கேக்குது? முழு ஆளையா கேக்குது?" என்றவள் தலையை ஜன்னலுக்குள் விட்டாள். காவலாளி உள்ளே ஓடிப்போய் அவள் போனைக் கருவியில் வைத்தார். சுற்றறிக்கையும் பின்னாலேயே போனார். நான் வெளியே அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சுற்றறிக்கையின் குரல் கேட்டது: "இந்தம்மாவாவது வாயை மூடறதாவது!"

சித்திக்குத் தொண்டைவரை பதில் வந்தது எனக்கே தெரிந்தது. இடுப்பே அதிர்ந்தது. விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் விழுங்கிய முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். பச்சை விளக்கு எரிந்ததும் சேர்த்துவைத்த அத்தனையையும் ஒரே மூச்சில் அவருக்கு வழங்கினாள்.

முறைப்படி வெளியே வந்தாயிற்று. இப்போது வெளிப்பக்கக் கருவியில் காட்டினாள். மறுபடி சிவப்பு.

'இரண்டு நாள் இடைவிடாமல் பணியாற்றியுள்ளீர்கள். கட்டாய ஓய்வு. நாளை வரவும்.'

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

"இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு சார்," என்றாள் சித்தி. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"உங்க ஆரோக்கியத்துக்காகத்தாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போய்விட்டார்.

சித்தி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தலை போயிட்டு வந்த வழிதானே, உடம்பு போகாதா?" என்று ஜன்னலில் காலை வைத்தாள். நான் தள்ளினேன். காவலாளி அந்த நேரம் பார்த்து மேகங்களை ஆராயத் தொடங்கினார்.

அன்று முழுக்க சித்தி மடித்தாள். விரிப்பின் தையல் விளிம்பு உள்பக்கம் போகிறமாதிரி மடிப்பாள். "படுத்துக் கிடக்கற முதுகுல உறுத்தக் கூடாதுடா" என்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் பாராட்டியதுமில்லை.

சாயங்காலம் சுற்றறிக்கை மேஜைக்கே வந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது.

"கட்டாய ஓய்வு, பணி நாளாக் கணக்காகுதும்மா. உங்களுக்கு மூணு மாசம் முழுசாயிடுச்சு. நிரந்தரம்."

சித்தி கையிலிருந்த விரிப்பை விடவில்லை. "அப்ப இன்னிக்கு நான் மடிச்சது?"

"நீங்க இங்க இல்ல. இருந்தீங்கன்னு எழுதினா ஓய்வு விதியை மீறினதா ஆகும், நிரந்தரம் போயிடும். மேலிடத்துல கேட்டா ஓய்வெடுத்தேன்னு சொல்லணும். சொல்வீங்களா?"

மேஜையில் அவள் உயரத்துக்கு விரிப்புகள் அடுக்கியிருந்தன. அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இவள் ஏதாவது சொல்லிக் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று வண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"ஆமா சார். நல்லாத் தூங்கினேன்."

அவர் போனதும், வேண்டுமென்றே இழுத்து, "தூங்கி எழுந்தீங்களே சித்தி, காபி ஏதும்?" என்றேன்.

"போடா எருமை," என்றாள். உதடு துடித்தது. நான் உடனே துடைக்கவேண்டிய தூசி ஒன்றை வண்டிச் சக்கரத்தில் கண்டுபிடித்துக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவள் அடுக்கில் மேலாக இருந்த ஒரு விரிப்பை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிரிக்கறீங்க? நேரமாச்சு, வாங்க."

"இது கோணலா இருக்குடா," என்றாள். "இந்த முனையைப் பிடி."