எஞ்சினுக்குள் விட்டுவைத்த பஞ்சு

என் தவறு ஒன்றுக்காக இன்னொருவர் வேலையை இழந்தார். தவறு என்னுடையது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜையை ஒட்டி இது நடந்தது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அப்போதுதான் மனை பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. துடியலூர்ப் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருந்தது. அப்பா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீடு கட்டி, சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் தேயிலை முதலாளி ஒருவரிடம் பழைய கார் ஒன்றையும் வாங்கியிருந்தார். அதை ஓட்டியவர் கோட்டைமேட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ராவுத்தர்தான். தன் மீசைக்குச் செலவழிக்கும் நேரத்தைவிட அதிகமாக அந்த எஞ்சினுக்குச் செலவழிப்பார்.

நான் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பூஜை விடுமுறைக்கு வந்தவன், காரைச் சுத்தம் செய்ய அவருடன் சேர்ந்துகொண்டேன். பூஜையன்று மத்தியானம் பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் ஆறும்வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் பேட்டரி ஒயரைக் கழற்றினார். தண்ணீரோ எண்ணெயோ போகக்கூடாத இடங்களை மெழுகுத் துணியால் சுற்றினார். பிரஷ்ஷைச் சீமெண்ணெயில் தோய்த்து அவர் கிரீசைக் கரைக்கக் கரைக்க, நான் மில்லிலிருந்து வாங்கி வந்த வேஸ்ட் பஞ்சால் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. கறுப்பு அகல அகல உள்ளேயிருந்து செம்பும் பித்தளையும் வெளியே வந்தன. குனிந்து பார்த்தால் எஞ்சின் ஒரு சின்ன ஊரைப்போலத் தெரிந்தது. குழாய்களெல்லாம் தெருக்கள். நடுவில் வெயில் பட்டு மின்னும் ஒரு பித்தளைக் கோபுரம். அந்தத் தெருக்களில் நான் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். நானே காரை ஓட்டிக்கொண்டு நீலகிரி மலையேறுகிறேன், வளைவு திரும்பியதும் மேகம் வந்து முகத்தில் படுகிறது.

"ஏனுங்க சின்னவரே, கை மட்டும் இங்க இருக்குது. ஆளு எந்த ஊருல இருக்கறீங்க?" என்றார் ராவுத்தர்.

"ஊட்டியிலீங்க."

"அப்ப வாரப்ப ஒரு முட்டக்கோசு வாங்கீட்டு வந்துருங்க."

இருவரும் சிரித்தோம். புகை வெளியேறும் இரும்புக் குழாய்க்குப் பின்னால் பிரஷ் நுழையாத ஒரு சந்து இருந்தது. சீமெண்ணெயில் ஊறிய பஞ்சை ஒரு கொத்தாக அதில் திணித்தேன். அழுக்கு ஊறட்டும், பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அதற்குள் மறுபடியும் மலையேறிவிட்டேன்.

"உள்ள போன பஞ்செல்லாம் வெளிய வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுங்க," என்றேன். அவர் என்னை நம்பி பானெட்டைச் சாத்தினார்.

சாயங்காலம் அம்மா காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பானெட்டின் குறுக்கே பெரிய சாமந்தி மாலையைச் சாத்தினார். கற்பூரம் காட்டினார். அந்தச் சுடரைப் பார்த்த கணத்தில் சந்துக்குள் இருந்த பஞ்சு ஞாபகம் வந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும். காலையில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் எழுந்து வந்தபோது அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக் கிணற்று மேட்டில் விஜயதசமி பூஜைக்கு நேரமாகிவிட்டதாம். அக்கா கைக்குழந்தையோடு ஏறிக்கொண்டிருந்தார். ராவுத்தர் தினமும் பானெட்டைத் திறந்து தண்ணீரும் ஆயிலும் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அன்றைக்கு அம்மா, "ராவுத்தரே, தோட்டத்துக்குப் போயிச் சேர்ற வரைக்கும் மாலயக் கலைக்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

"சாமி மாலய நாந் தொடுவனுங்களா, அம்மா?" என்றார் அவர்.

அவர் தொடக்கூடாது. நான் தொட்டிருக்கலாம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கார் கிளம்பியது. நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேட்டுப்பாளையம் சாலையில் இருபுறமும் சோளக்காடு பனியில் வெளுத்துக் கிடந்தது. தூரத்து மலை பாதியில் கரைந்திருந்தது. பின்னால் குழந்தை ஏதோ பாடுவதுபோல் முனகிக்கொண்டிருந்தது. சாமந்தி வாசனையோடு கலந்து சீமெண்ணெய் வாசனை வந்தது. முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். 'வண்டியை நிறுத்துங்க' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்பா பின்னால் இருந்தார். வாசனை போய்விடும், போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாலைக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ராவுத்தர் ஓரத்தில் நிறுத்தி, "எறங்குங்க, கொழந்தையத் தூக்கீட்டு அந்தாண்ட ஓடுங்க!" என்று கத்தினார். மாலையை அறுத்து எறிந்து பானெட்டைத் தூக்கினார். பஞ்சு எரிந்துகொண்டிருந்தது. தீ பெட்ரோல் குழாயை எட்டுவதற்கு முன், அவர் வலது கையை அப்படியே உள்ளே விட்டு அந்தக் கொத்தைப் பிடுங்கி எறிந்தார். மிச்சத்தின்மேல் இடது கையால் மண்ணை வாரி வாரிப் போட்டார். நெருப்பு அணைந்தபின் வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாலையில் குந்தினார். உள்ளங்கையின் தோல் சுருண்டிருந்தது.

அப்பாவுக்குப் பயம் தெளிந்ததும் கோபம் ஏறியது. "பஞ்ச உள்ள உட்டது ஆரு? பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு எங்களையெல்லாம் கொளுத்தப் பாத்தியா? கெளம்பறப்ப மூடியத் தெறந்து பாத்தியா நீயி?"

"அம்மா மாலயக் கலைக்க வேண்டாம்னாங்க, எசமாங்க. பஞ்சு நான் வெக்கலீங்க. சின்னவரு கூடவே இருந்தாருங்க. அவரக் கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ராவுத்தரும் பார்த்தார். அவர் பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

"எனக்குத் தெரியாதுங்கப்பா," என்றேன்.

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. நான் சென்னைக்குப் போய்விட்டேன். அப்போதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் டிரைவரிடம் விசாரித்துத்தான் இன்னொரு டிரைவரை வேலைக்கு எடுப்பார்கள். ஊரில் இருந்ததே கொஞ்சம் கார்கள். 'வண்டியைக் கொளுத்தின ராவுத்தர்' என்ற பெயர் அவருக்கு முன்னால் எல்லா வாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சட்டப் படிப்பை முடித்துத் திரும்பியபின், ஒருநாள் பல்லடம் சாலையில் நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் ஒரு பருத்தி வண்டி. ஹாரன் அடித்தேன். வண்டி ஒதுங்கியது. மாட்டுக் கயிற்றை இடது கையில் பிடித்திருந்தவரைத் தாண்டும்போது பார்த்தேன். ராவுத்தர். மீசை நரைத்திருந்தது. காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

"வண்டி நல்லா ஓடுதுங்களா?" என்று காரைத்தான் முதலில் விசாரித்தார்.

"பஞ்சு வெச்சது நாந்தானுங்க," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எனக்குத்தான் தெரியுமே. நான் வெக்கலீன்னா வேற ஆரு வெச்சிருப்பாங்க? எங்கிட்டச் சொல்லி என்னத்துக்குங்க? டிரைவருக கூடற எடத்துல போயிச் சொல்லுங்க. எம் பேரு அங்கதானுங்க கெட்டுப்போயிருக்குது." மாட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. பந்தலுக்கு வெளியே புளியமரங்களின் கீழ் கார்கள் நின்றிருந்தன. டிரைவர்கள் பந்திக்காகக் காத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னேன். பஞ்சு வைத்ததையும் பொய் சொன்னதையும்.

ஒருவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு வந்தவரு கருமாதிப் பேச்சு பேசறாரு பாருங்க" என்றார். வயதான இன்னொருவர் நேராகவே கேட்டார்: "அன்னைக்கு வாயில கொழுக்கட்டையாங்க இருந்துச்சு?" நான் இல்லை என்று தலையாட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. நின்றேன்.

தாம்பூலம் வாங்குவதற்குள் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. "ஊட்டுக்குள்ள எங்கிட்டச் சொல்லியிருந்தாப் பத்தாதா? என்ற மானத்த டிரைவருகளுக்குப் பந்தி வெச்சுட்டு வந்திருக்கறே," என்றவர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ராவுத்தருக்கு ஆள் அனுப்பினார். ராவுத்தர் வரவில்லை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு டாக்டர் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

டாக்டருடையது ஓட்டைக் கார். குளிர்காலத்தில் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். ராவுத்தரின் வலது கை முழுசாக மடங்காது. மார்கழிக் காலை ஒன்றில் இடது கையால் அவர் திணறுவதைப் பார்த்து, பனிக்குள் நடந்துபோய் ஹேண்டிலை வாங்கிச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஏறிப் போனார். மறுநாளும் போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனேன். சில நாள் நான் தெருமுனையில் வரும்போது அவர் ஹேண்டிலை மாட்டிவைத்து ஒதுங்கி நிற்பார். மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தன் கைக்கு முடியவில்லை என்பதால் என்னைச் சுற்றவிட்டாரா, இல்லை, எனக்கு அது வேண்டியிருந்தது என்று தெரிந்து சுற்றவிட்டாரா என்பது இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.